கட்டிலின் மூன்றாவது ஸ்குரூ

அந்த ஸ்குரூ இடப்பக்கம் திருப்பினாலும் சுற்றியது, வலப்பக்கம் திருப்பினாலும் சுற்றியது. வெளியே மட்டும் வரவில்லை. போன மழைக்காலம் ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு சனிக்கிழமை காலையில், நெய்யாற்றின்கரைக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையில், அம்மாவின் கட்டிலுக்கு முன்னால் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையின் தரை ஒரு பக்கமாகத் தாழ்ந்துவிட்டதால் உடைத்து டைல்ஸ் போட ஆள் வந்திருந்தார். கட்டில் அயனி மரத்தில் செய்தது. கழற்றாமல் அந்த வாசல் வழியாக வெளியே கொண்டுபோக முடியாது. நான்கு மூலைகளில் நான்கு இரும்புத் தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் மூன்று ஸ்குரூ. பதினொன்று எப்படியோ வந்துவிட்டன. கால்மாட்டின் வலது மூலையில் இருந்த மூன்றாவது மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. தலையில் இருக்கவேண்டிய வெட்டு நசுங்கிப்போயிருந்ததால் ஸ்குரூ டிரைவரும் வழுக்கி வழுக்கி விழுந்தது.

வேலைக்கு வந்தவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "டீச்சரே, இது வெறுதே கறங்குகயா. சட்டத்த முறிச்சிட்டா காரியம் தீர்ந்து" என்றார். சும்மா சுற்றுகிறது, கட்டில் சட்டத்தையே வெட்டிவிடலாம் என்கிறார். மரம் அறுக்கும் வாளை எடுக்கவும் போய்விட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. அவரை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்குரூவை வெளியே எடுக்கத் தெரிந்த ஒருவர் எனக்கு உண்டு. ஒன்பது வருடமாக அவரை நான் என் வீட்டுக்கு அழைத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். என் அண்ணன் கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் வளைகுடாவுக்கு விமானம் ஏறியவன். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளியாகவே இருந்தான். பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நான் பிறந்த வீட்டில் உண்மையாக வாழ்ந்தது அம்மாவும் மைனியும்தான். அப்பா அப்போது இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். மைனி ஆரியங்கோட்டுக்காரர், ரப்பர் வெட்டுகிற குடும்பம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தையல் கற்றவர். கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு ஜீப்பில் அவருடைய தையல் மிஷின் வந்து இறங்கியது. அதன் இழுப்பறையில் ஒரு விரல் நீளத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது. கைப்பிடி எப்போதோ உடைந்துபோய், நீலத் துணிக் கிழிசலை நூலால் இறுகச் சுற்றி வைத்திருந்தார்.

மிஷினைத் தானே கழற்றித் தானே மாட்டுகிற பழக்கம் அவருக்கு. அதிலிருந்து வீட்டு வேலைகளும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. ஆடுகிற நாற்காலி, சாத்தாத ஜன்னல், கழன்று தொங்கும் கதவுக் கீல் என்று எதற்கும் ஆள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதில் பெருமையொன்றும் இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை சபைக் கோயிலில் பெண்கள் கூடிச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அங்கே நற்கருணைப் பாத்திரங்கள் வைக்கும் பழைய அலமாரியின் கதவு சரிந்து நின்றது. கீலில் இருந்த ஸ்குரூ மரத்தில் பிடி விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சுத்தியலைத் தேடப் போனார். மைனி தரையில் குந்தி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, காய் நறுக்கும் கத்தியின் நுனியைக் கீலுக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்பிப் பிடித்தார். மற்றக் கையால் திருகினார். ஸ்குரூ ஆடும் பல் மாதிரி கழன்று வந்தது. பிறகு விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை ஒடித்து அந்த ஓட்டையில் திணித்து, அதே ஸ்குரூவை மறுபடி முறுக்கினார். கதவு நேராக நின்றது.

"ஒரு கை இழுக்கணும், ஒரு கை திருக்கணும். சும்மா திருக்கினா அது அங்கதான் கெடந்து கறங்கும், கேட்டியா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். போதகர் அம்மா உட்பட எல்லாரும் சிரித்துப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும், எங்கள் வீட்டுப் பெண் இத்தனை பேர் முன்னால் இப்படிக் குந்தி உட்கார்ந்து ஆசாரி வேலை செய்ய வேண்டுமா என்றிருந்தது. நான் கல்லூரிக்குப் போகிறவள் அல்லவா. அந்தச் சிறிய இளக்காரம் எப்போதும் என்னோடு இருந்தது. பிறகு நான் பாறசாலைக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சரானேன். கல்யாணம் முடிந்து நெய்யாற்றின்கரைக்கு வந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போவேன். ஒரு மணி நேரம் இருப்பேன். மைனி கையால் சாப்பிடுவேன். அந்த வீடு எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எழுபத்தாறாம் வயதில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிப்போனது. எல்லாவற்றையும்விட முகம் மாறிப்போனது. வாய் ஒரு பக்கமாக இழுத்து, கண் சுருங்கி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குச் சொல்ல முடியாது. மைனிக்குத் தெரியும். "மாமிக்கு இப்போ சூடு கஞ்சி வேண்டாமாம்" என்பார்; "ஜன்னல அடைக்கச் சொல்லுகாவ" என்பார். ஏதோ கற்பனை செய்துகொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு வருடம் அவர் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டார். தையல் மிஷினை அம்மா படுத்திருக்கும் அறைக்கே மாற்றிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் என் வீட்டுக்காரரும் காரில் போய் இறங்கினோம். சொல்லாமல் போயிருந்தோம். உள்ளே நுழைந்தபோது நான் கண்டது இதுதான். அம்மா நடு அறையில் தரையில் பாய் மேல் கிடந்தாள். முகம் கோணி, அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது, கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது. அப்பா ஆசையாக மரம் பார்த்துச் செய்த கட்டில் மூன்று மூலைகள் கழன்று கிடந்தது. பக்கத்தில் ஒரு வாள். மைனி வேர்த்து விறுவிறுத்து, நான்காவது மூலையில் ஒரு ஸ்குரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மாவ இப்பிடித் தரையில போட்டு வச்சிருக்கீங்களே மைனி!"

"வா மக்கா. ரெண்டு மணிக்கூறு வேலையாக்கும். கட்டிலுக்க காலு ஒரு சாண் கொறைச்சுட்டு திரும்பப் படுக்க வச்சிருவேன். மாமி ரெண்டு தடவ விழுந்துட்டாவ. இருத்தினா காலு தரையில எட்டல்ல பாத்தியா, அதனாலயாக்கும் சறுக்கிப் போறது. உங்க அண்ணங்கிட்ட ஃபோன்ல கேட்டாச்சு."

அவர் சொன்னதில் 'ரெண்டு தடவ விழுந்துட்டாவ' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அப்படியானால் இவர் அம்மாவை விழவிட்டிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை, இப்போது தரையில் போட்டுவிட்டு அப்பாவின் கட்டிலை வெட்டப் போகிறார் என்று என் மனம் வேகமாகக் கோத்துக்கொண்டது. "அம்மா அழறது உங்களுக்குத் தெரியல்லியா?" என்று கத்தினேன்.

மைனி திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அழல்ல மக்கா. சிரிக்காவ ஆக்கும். இந்த ஸ்குரூ காலத்த முதல் என்ன இட்டுப் படுத்துது. ஒவ்வொரு தடவையும் இது கறங்கும்போ மாமி சிரிச்சுச் சிரிச்சு..."

நான் அவரை முடிக்க விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அதற்குள் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் அதைச் சொன்னேன். "சொந்தத் தாயா இருந்தா இப்பிடித் தரையில போட்டு வேடிக்கை பாப்பீங்களா?"

மைனியின் கை நின்றது. அம்மா அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். நான் என் வீட்டுக்காரரிடம் காரின் பின் இருக்கையைச் சரிசெய்யச் சொன்னேன். அம்மாவை இன்றைக்கே கொண்டுபோகிறேன் என்றேன். கட்டிலையும் கொண்டுபோகிறேன் என்றேன். ஒரு டெம்போவுக்குச் சொல்லி அனுப்பினோம். அது வருவதற்குள் மைனி மறுபடி குனிந்து உட்கார்ந்து அந்த ஸ்குரூவைக் கழற்றினார். காலையிலிருந்து தன்னைப் படுத்தியதை, நான் அந்தக் கட்டிலைக் கொண்டுபோவதற்காக, வாய் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு ஸ்குரூவையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "இதுல ஒண்ணுக்கு ஓட்டை பெருசாயிட்டு. ஈர்க்குச்சி வச்சு முறுக்கணும்" என்றார்.

பிறகு அம்மாவின் சாமான்களைக் கட்டினார். மருந்து, எண்ணெய், பழைய வேட்டித் துண்டுகள், சின்னக் கரண்டி. கடைசியாகக் கனத்த காடாத்துணியில் மூன்று மடிப்பாகத் தைத்த ஒரு பட்டையைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் பிடி வைத்துத் தைத்திருந்தது. அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, பிடிகளில் பிடித்துத் தூக்கி உட்காரவைப்பதற்காக அவரே யோசித்துத் தைத்த பட்டை அது. இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அவர் கார் ஜன்னலருகே வந்து, "மக்கா, இது இடுப்புல..." என்று தொடங்கினார். "நான் பாத்துக்கிடுவேன்" என்று அதை வாங்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கார் திரும்பும்போது அம்மா தன் இடது கையைத் தூக்கி அந்தக் கண்ணாடியைத் தட்டினாள். பனச்சமூடு கடந்தும் தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலைப் பூட்டும்போது அந்த மூன்றாவது ஸ்குரூ பிடிக்கவில்லை. ஈர்க்குச்சி என்று மைனி சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. "அதெல்லாம் வேண்டாம், சுத்தியல எடுத்து ஒரே அடியா அடிங்க" என்று நான்தான் சொன்னேன். அவர் அடித்தார். ஆணியை இறக்குவதுபோல அது மரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்ஸ் பெண்ணை வைத்தோம். நல்ல பெண். நான் பள்ளிக்கூடம் போய்விட்டு நான்கரை மணிக்கு வருவேன். அம்மா முதல் வாரம் பாதிக் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. யார் வாசலில் வந்து நின்றாலும் தலையைத் திருப்பிப் பார்ப்பாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொள்வாள். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் என் மகள் அந்த அறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அதிலேயே வழுக்கி உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கட்டிலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாய் கோணி, கண் சுருங்கி, கன்னத்தில் கண்ணீர் வழிய, அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே முகம். துளிகூட மாற்றமில்லை.

மைனி சொன்னது உண்மை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே நான் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், கூப்பிட்டால் என்னவென்று தொடங்குவது என்று யோசித்தேன். ஒரு வாரம் போனதும், இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டால் இவளால் முடியவில்லை என்று நினைப்பார்களே என்று தோன்றியது. உண்மையில் என்னால் முடியவில்லைதான். கட்டிலின் உயரமும் என் கண்ணில் படாமல் இல்லை. அம்மாவை உட்காரவைத்தால் கால்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஆனால் காலைக் குறைக்கக் கூடாது என்றுதானே அத்தனை பேர் முன்னால் சண்டை பிடித்துக் கட்டிலைக் கொண்டுவந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தலையணை அடுக்கி வைத்தேன். மைனி தைத்த பட்டை ஏதோ பையின் வார் என்று அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது.

நான்காம் மாதம், மூன்றாவது பீரியடில் நான் வகுப்பில் நின்றபோது ஃபோன் வந்தது. ஹோம் நர்ஸ் அம்மாவை அக்குளில் கைகொடுத்து உட்காரவைத்திருக்கிறாள். துண்டு எடுக்க ஒரு கையை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பெண்மேல் எந்தத் தவறும் இல்லை. அந்தக் கட்டில் அவள் தொடை உயரம் இருந்தது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இந்த வயதில் ஆப்பரேஷன் தாங்காது என்றார்கள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, பத்தொன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். மைனி ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை வந்தார். ஐசியுவுக்கு வெளியே நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டீ வேண்டுமா என்று நான் கேட்டேன், வேண்டாம் என்றார். மூன்று முறையும் அதுதான் பேச்சு.

அடக்கத்துக்கு முன் அம்மாவைக் குளிப்பாட்டியது மைனிதான். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் கறுத்துக் கிடந்த இடத்தை அவர் விரல்கள் கடந்தபோது ஒரு கணம் தயங்கின. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கட்டிலுக்க காலு கொறைக்கல்லியா மக்கா?"

"அப்பாவுக்க கட்டில் இல்லியா மைனி" என்றேன்.

அவர் துண்டை எடுத்தார். அம்மாவின் முடியைத் துவட்டி, எண்ணெய் தடவி, வகிடு எடுத்துச் சீவினார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். நாங்கள் சண்டைக்காரர்கள்போல் இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டோம், கிறிஸ்துமஸுக்கு ஃபோனில் வாழ்த்துச் சொன்னோம். அண்ணன் வேலையை விட்டுத் திரும்பிவந்து மூன்று வருடம் இருந்து அவனும் போய்ச்சேர்ந்தான். அவர்கள் மகள் வெளிநாட்டில் நர்ஸ். மைனி அந்த வீட்டில் தனியாகத் தைத்துக்கொண்டிருந்தார். அவரை என் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைக்க மட்டும் என்னால் முடிந்ததில்லை. வந்தால் பின்னறையில் அந்தக் கட்டில் கிடக்கிறது.

அந்தச் சனிக்கிழமை கடைசியில் நான் எண்ணை அழுத்தினேன்.

"மைனி, ஒரு ஸ்குரூ கறங்குது. வெளிய வரமாட்டேங்குது."

"மாமிக்க கட்டிலா?"

"ஆமா."

"வெட்ட விடாண்டாம். நான் வாறேன்."

வெள்ளறடை போய் பஸ் மாறி, பதினோரு மணிக்கு வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கண்ணில் கனத்த கண்ணாடி. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். தரையில் குந்தி உட்கார இப்போது முட்டி விடுவதில்லை என்று சொன்னதால் குட்டி ஸ்டூல் ஒன்று போட்டேன். கைப்பையிலிருந்து அந்த நீலத்துணி சுற்றிய ஸ்குரூ டிரைவரையும் உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றையும் எடுத்து மடியில் வைத்தார். கண் சரியாகத் தெரியாததால் ஸ்குரூவின் தலையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். தடவிய விரல் அங்கேயே நின்றது.

"இதுல சுத்தியல் விழுந்திருக்கு. யாரு அடிச்சது?"

முன்னறையில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரளும் சத்தம் நின்றது.

"தெரியல்லியே மைனி. அண்ணைக்கு டெம்போவுல வந்த ஆட்களா இருக்கும்" என்றேன்.

"ம்" என்றார் மைனி.

ஐம்பது வயதுக்காரி, ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள், ஒரு ஸ்குரூவுக்காக அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அவர் ஹாக்ஸா பிளேடால் நசுங்கிய தலையில் புதிதாக ஒரு வெட்டுப் போட்டார். அதற்கே கால்மணி நேரம் ஆனது. என்னிடம் கத்தி ஒன்று வாங்கித் தகட்டுக்கு அடியில் கொடுத்து, "நீ இத நெம்பிப் பிடி. பலம் வேண்டாம், விடாம பிடிச்சா மதி" என்றார். இரண்டையும் ஒன்றாகச் செய்ய அவர் கைக்கு இப்போது வலு இல்லை. நான் நெம்பிப் பிடித்தேன். அவர் திருகினார். முதலில் சும்மா சுற்றியது. பிறகு ஒரு நூல் அளவு மேலே வந்தது, இன்னொரு நூல், பிறகு கையோடு வந்துவிட்டது. மரத்தூள் ஒட்டிய அந்த ஸ்குரூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மற்றப் பதினொன்றோடு போட்டார்.

சாப்பிடும்போது கேட்டார். "இந்தக் கட்டில நீ என்ன செய்யப் போற?"

"யாருக்காவது குடுக்கணும் மைனி. இங்க இனி இடமில்ல."

"எனக்குத் தாறியா?"

அன்று சாயங்காலமே ஒரு பெட்டி ஆட்டோவில் கட்டில் பனச்சமூட்டுக்குப் போனது. மைனி டிரைவருக்குப் பக்கத்தில் ஸ்குரூப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனார். அந்தப் பொய் என் வீட்டில் தங்கிவிட்டது. அன்று முழுக்க என் வீட்டுக்காரர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "நான்தான் அடிச்சேன்னு சொல்லியிருக்கலாமே. அவங்க என்ன செய்துட்டுப் போறாங்க" என்றார். என்ன செய்துவிடுவார் என்று பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து நான் தனியாகப் போனேன். அம்மா கிடந்த அதே அறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கட்டில் கிடந்தது. பக்கத்து வீட்டு ஆசாரியை வைத்து நான்கு காலையும் ஒரு சாண் குறைத்திருந்தார். "எனக்கு முட்டு வலி. ஒசரத்துல ஏறிக் கெடக்க முடியல்ல, அதனாலயாக்கும்" என்றார். இரு என்று கட்டிலைக் காட்டினார். உட்கார்ந்தேன். என் உள்ளங்கால் இரண்டும் தரையில் அழுத்தமாகப் பதிந்தன. நானும் அம்மாவும் ஒரே உயரம்.

மைனி ஏதோ ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சுத்தியலால் அடிக்கச் சொன்னது நான்தான் என்றேன். அன்றைக்கு அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அது எனக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது என்றேன். அந்தப் பட்டை அலமாரியில் கிடந்ததைச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் நான் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

மைனி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"நீ மாமிய கொண்டு போனதுல எனக்கு ஒரு விரோதமும் இல்ல மக்கா. ஒனக்க அம்மையாக்கும். எப்பிடித் தூக்கணும், எப்பிடி இருத்தணும்ணு எனக்கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாம் நீ."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் தலை நிமிரவில்லை. அவர் மறுபடி ஊசியை எடுத்தார், இரண்டு தையல் போட்டார், பிறகு துணியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ எப்பிடியும் கேப்பேண்ணு நினைச்சாக்கும், அந்த நாலு மாசமும் ஃபோன மிஷின் மேல வச்சுட்டே தச்சேன்."